நீக்கச் சொன்ன நான்காவது அட்டவணை

பேச்சியம்மாள் இறந்த செய்தியை அவள் அண்ணன்தான் போனில் சொன்னார். பத்து நாளாக மஞ்சள் காமாலை. தேறிவிடுவாள் என்றே நம்பியிருந்தோம். குத்துக்கல்வலசையில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நிறுவனத்தின் மலர்வளையம் வந்துவிட்டது. இனி ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவள் பெயரையே வைக்கப்போவதாகக் கொண்டுவந்தவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளோடு படித்த உங்களுக்கும் முழுக்கதை தெரியாது. உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய் தயாரிக்கும் அந்த நிறுவனம், வேதியியல் பட்டதாரிகள் இருவருக்கு ஆய்வுக்காக மாதத் தொகை தந்தது. ஒருத்தி அவள், இன்னொருத்தி நான். எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது என் ஆய்வு. தோலுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்பது அவளுடையது.

சாரல் நாட்களில் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அந்த எண்ணெயைத் தேய்த்துவிடும் தொழிலாளர்களை நிறுத்தி, "கையக் காட்டுங்க அண்ணாச்சி" என்பாள். "என்ன தாயி, ரேகை பாத்துச் சொல்லுதியா?" என்று ஒருவர் கேலி செய்தார். "பலன் பொறவு சொல்லுதேன், மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். அவருக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. தொழில் என்றால் இப்படித்தான் என்று அவர் விட்டிருந்தார்.

பேச்சி விடவில்லை. தன் இடது கையில் தினமும் அந்த எண்ணெய், வலது கையில் செக்கு நல்லெண்ணெய் என்று தேய்த்துப் பார்த்தாள். மூன்றாம் வாரம் இடது கை சிவந்து தடித்தது. நான் திட்டினேன். "ஏட்டி, அவங்க வருசம் பூரா தேய்க்காவ. எனக்கு மூணு வாரம் ஆவாதா?" என்றாள். தன் ஒரு கை ஆதாரமாகாது என்று அவளுக்குத் தெரியும். தொழிலாளர்களின் கைப்புண்களைப் பதிவுசெய்த நான்காவது அட்டவணைதான் அவள் ஆதாரம்.

மதிப்பாய்வுக் கூட்டத்தில் நிறுவன அதிகாரி, "நாலாவது அட்டவணைய மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் பிரமாதம்" என்றார்.

"அத எடுத்தா மிச்சம் உங்க விளம்பரம்தான் சார்."

அந்த மாதமே அவளுக்குத் தொகை நின்றது. கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றுவரை தொகை வருகிறது.

தென்காசியில் டியூஷன் எடுத்துக்கொண்டே கட்டுரையை எழுதி முடித்தாள். அது ஆதாரத்தோடு நிற்க வேண்டுமானால் என் ஆய்வில் கிடைத்த கலவை அளவுகள் வேண்டும். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் வெளியிடமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். "நீயாத் தந்தா வாங்கிக்கிடுதேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் தரவில்லை. அவள் கோபப்படவே இல்லை. அதுதான் இப்போது என்னை அறுக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, பெயர் வைக்கச் சம்மதம் கேட்டு நிறுவனத்தார் வந்தார்கள். அவள் அம்மா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எம்மவ பேரு வேணும்னா அவ எழுதுனதையும் சேத்துப் போடுங்க."

நேற்று என் அளவுகளைச் சேர்த்து அவள் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு அட்டவணையும் குறையவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் துணிச்சல்தான். அவள் இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும். கட்டுரையில் முதல் பெயர் பேச்சியம்மாள். அடுத்தது என் பெயர். என் தொகையை நிறுத்தப்போகிறவர்கள் அதை எழுத்துப் பிழையில்லாமல் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.