பெருச்சாளிக்கும் பாசிக்கும் சரியாய்ப் போன கணக்கு

கரை கசிந்த அன்று காலை நான் பொறியாளருக்குப் போனில் சொன்னது ஒன்றுதான்: பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது, தண்ணீர் வருகிறது. தா.பழூர் பக்கத்தில் ஓர் ஏரிக்கு நான் லஸ்கர். மதகைத் திறந்து மூடுவதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. வளைக்கு நேர் கீழே கலியபெருமாளின் நாற்றங்கால். கரை போனால் அவருக்கு அந்தப் போகமே போச்சு.

பொறியாளர் சார் வந்தார். கூடவே தாவரம் படித்த ஆலோசகர் ஒருவரும் வந்தார். மண் மூட்டைகள் வரவில்லை.

ஆலோசகர் வளை வாயில் மண்டியிட்டார். "சார், ரிக்ஸியா! லிவர்வோர்ட் இனம்!" ஈரமண்ணில் வட்டவட்டமாக ஒட்டிப் படரும் பச்சைப் பாசி அது. எங்கள் ஊர்க் குழாயடியிலும் இருக்கிறது. "மண்ண இறுக்கிப் பிடிக்கும் சார். கலைக்கக் கூடாது."

சார் யோசித்தார். "எலி மண்ணப் பறிக்குது. பாசி மண்ணப் புடிக்குது. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுல்ல?"

"எலிக்குப் பல்லு இருக்கு சார், பாசிக்கு இல்லீங்களே," என்றார் கலியபெருமாள்.

"ரெண்டையும் ஒப்பிட்டு அறிக்கை வரட்டும். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

"எலிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார்."

ஜீப் போய்விட்டது. நான் எப்போதும்போல வாய் திறக்கவில்லை. கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "நீயாச்சும் பேசுவியான்னு பாத்தேன். போ, மம்பட்டியயாவது எடுத்துட்டு வா."

பாசியை மண்ணோடு அப்பளம்போலச் சீவி ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். வளையை அடிவரை வெட்டினோம். அதிகாரிகளைப்போலப் பெருச்சாளியும் கிளம்பிவிட்டிருந்தது. களிமண் உருண்டைகளைப் போட்டு மிதித்து இறுக்கியதும் கசிவு நின்றது. பாசியை இருந்த இடத்திலேயே பதித்தேன். கை வைத்தது தெரிந்துவிடக் கூடாதே என்று கால்தடத்தையும் தண்ணீர் தெளித்து மெழுகிவிட்டேன்.

சாரும் ஆலோசகரும் திரும்பி வந்தபோது வளையைக் காணவில்லை. ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா சார்? ரிக்ஸியாவே மூடிடுச்சு!"

கலியபெருமாள் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன்.

அறிக்கையில் பாசி ஜெயித்தது. செந்துறைப் பக்கம் இன்னொரு ஏரி கசிந்தபோது, மண் மூட்டைக்குப் பதில் தட்டுத்தட்டாகப் பாசியை அனுப்பினார்கள். அங்கிருந்த லஸ்கர் எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, பாசிய வச்சாச்சு. பெருச்சாளி அதுமேல உக்காந்து மூஞ்சி கழுவுது. கசிவு ஜாஸ்தியாயிட்டே போவுது. எத்தன நாள்ல மூடும்?"

அன்றுதான் வாய் திறந்தேன். "அது மூடாது தம்பி. நாங்கதான் மூடுனோம். மம்பட்டிய எடுத்து வை, நான் பஸ் ஏறிட்டு வரேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரையை அடைத்தால், மேலே கொஞ்சம் புது மண் தெரியும்படி விட்டுவிடுங்கள்.