தலைகீழாக எரிந்த பல்பு

கோரிப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் என் கூட்டாளியும் இரண்டு மேஜையும். அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பா, கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. நான் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. கோபம் வந்தால் எனக்கு வீட்டு பாஷைதான் வரும், கோபமோ அடிக்கடி வரும். எங்கள் பாஷையில் அவனுக்குத் திட்டுகள் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

இரண்டாயிரத்துகளின் கடைசியில் நாங்கள் முதன்முதலாகச் செய்து விற்றது, கோழிமுட்டை பொரிக்கும் இங்குபேட்டருக்கான கண்ட்ரோலர். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதில் கம்ப்யூட்டரில் போலவே லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, பக்கத்திலிருக்கும் ரிலே போர்டு வழியாக ஹீட்டரைப் போட்டு அணைக்கும். வாங்கியவர் வாடிப்பட்டிப் பக்கம் புதிதாகப் பொரிப்பகம் தொடங்கியிருந்த ஓர் அக்கா. வீட்டில் யார் சொல்லியும் கேட்காமல் தொடங்கியவர். முதல் ஈடு முட்டை உள்ளே வைத்திருந்தார்.

பொரிய நாள் நெருங்கிய நேரத்தில் கோடை மழையோடு இடி விழுந்து ரிலே போர்டு கருகிவிட்டது. போன் வந்ததும் டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடி வேறு ரிலே போர்டு வாங்கினோம். பழைய மாடல் இல்லை, இதுவும் அதேதான் என்றார் கடைக்காரர். பைக்கில் பரவை மார்க்கெட் லாரிகளுக்குள் புகுந்து புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா இங்குபேட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் தெர்மாமீட்டரில், ஒரு கை சுவிட்சில். காலையிலிருந்து ஹீட்டரைக் கையாலேயே போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க தம்பி. இந்த ஈடு பொரியலைன்னா மெஷினைத் தூக்கி வித்துருவாக. வீட்ல காத்துக்கிட்டுல்ல இருக்காக" என்றார்.

பிறகு ஒரு முட்டையை எடுத்து அதன் பின்னால் டார்ச்சை வைத்துக் காட்டினார். ஓட்டுக்குள் செக்கச்செவேலென்று வெளிச்சம். அதில் மெல்லிய நரம்புகள். நடுவில் ஒரு கறுப்பு நிழல் திடுக்கென்று துள்ளியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை எனக்கு முட்டை என்றால் குறையாமல் கூடாமல் வைக்க வேண்டிய முப்பத்தேழரை டிகிரி சூடு, அவ்வளவுதான்.

ஹீட்டரை அக்காவின் கையிலேயே விட்டுவிட்டு, புது ரிலேயை மாட்டினோம். எதையும் நேராக ஹீட்டரில் கொடுக்க மாட்டோம், அந்த இடத்தில் முதலில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். போர்டு 'அணை' என்றது, பல்பு பளிச்சென்று எரிந்தது. 'எரி' என்றது, அணைந்தது. பழைய ரிலேக்கு ஒன்று அனுப்பினால் எரியும். இதற்குப் பூஜ்யம் அனுப்ப வேண்டும். ஹீட்டரை மாட்டியிருந்தால் முட்டை வெந்தேபோயிருக்கும்.

கடைக்காரருக்கு வீட்டு பாஷையில் அர்ச்சனை நடத்திவிட்டு, ரிலேயில் வயரை மாற்றிச் சொருகிவிடலாம் என்றேன். "அப்புறம் போர்டு செத்துச்சுன்னா ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே கெடக்கும் மாப்ள" என்றான் கூட்டாளி. சரிதான். லேப்டாப்பைத் திறந்து, ரிலேயை இயக்க நாங்களே எழுதிய டிரைவர் புரோகிராமில் ஒன்றையெல்லாம் பூஜ்யமாகவும் பூஜ்யத்தையெல்லாம் ஒன்றாகவும் மாற்றினேன். எந்தக் கம்பி, எது எரி, எது அணை என்று அதற்குள்தான் ஊர்ப்பட்ட இடத்தில் எழுதி வைத்திருந்தோம்.

பல்பு ஒழுங்காக எரிந்தது, அணைந்தது. கடைசியாக, சூடு எல்லை மீறினால் என்ன ஆகும் என்று பார்க்க, சென்சாரை அக்கா கொடுத்த சுடு டீயில் முக்கினோம். உடனே அணைய வேண்டும்.

"அணையலியே தம்பி" என்றார் அக்கா. ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. குரல்தான் மாறியிருந்தது.

எங்கோ ஒரு பூஜ்யம் மாற்றாமல் தப்பியிருக்கிறது. தேட உட்கார்ந்தேன். கூட்டாளி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நம்ம டிரைவரைத் தூக்கிப் போடு மாப்ள. கெர்னல்லயே ஒண்ணு இருக்கு, சின்ன லைட்டைப் போட்டு அணைக்க எழுதுனது. அதுக்கு ஹீட்டர்னா என்ன, லைட்டுன்னா என்ன?"

"அதுக்கு நம்ம போர்டைப் பத்தி என்னடா தெரியும்?"

"எங்கத்தாவுக்கு எந்த மண்டபத்தைப் பத்தித் தெரியும்? போன ஒடனே அடுப்பு எங்க, தண்ணி எங்கன்னு கேப்பாரு. சொல்லிட்டா போதும். எந்த ஊருன்னாலும் அதே பிரியாணிதான்."

கெர்னல் என்பது லினக்ஸின் அடிமடி, எந்தெந்த தேசத்திலிருந்தோ ஆட்கள் எழுதிச் சேர்த்தது. அதில் டிரைவர்கள் ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு போர்டின் விவரமும் தனிக் கோப்பில், இன்னொரு பக்கம் இருக்கும். டிரைவர் எழுந்ததும் அந்த விவரத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கும். பெயர் என்ன, எத்தனையாவது கம்பி என்று கூட்டாளி எங்கள் போர்டின் கோப்பில் எழுதிக்கொண்டே போனான். இந்தத் தலைகீழ் விஷயத்தை எங்கே சொல்வது என்று பார்க்க, அந்த டிரைவர் கேட்கும் விவரங்களை நான் படித்தேன். அங்கே இருந்தது. பூஜ்யம் அனுப்பினால் எரியும் போர்டா? ஆம் என்றால் இங்கே ஒன்று போடு.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ, எந்த தேசத்திலோ, எங்கள் போர்டைக் கண்ணால் பார்க்காதவர், வாடிப்பட்டி என்ற பெயரே கேட்டிராதவர், இப்படித் தலைகீழாக ஒன்றை மாட்டிக்கொண்டு விழிக்கப்போகிறவர்களுக்கும் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த நிமிஷம் வாய்விட்டு அழுதிருப்பேன். அக்கா பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

ஒன்று போட்டோம். கெர்னல் தயாராகும் வரை லேப்டாப் பேட்டரியும் அக்காவின் கையும் தாக்குப்பிடித்தன. திரும்பவும் டீயைச் சுடவைத்து சென்சாரை முக்கினோம். பல்பு பட்டென்று அணைந்தது. இப்போது எங்கள் புரோகிராம் 'எரி', 'அணை' என்று மட்டும் சொல்கிறது. எதற்கு எதை அனுப்புவது என்பது அந்த டிரைவரின் பாடு. ஹீட்டரை மாட்டினோம். அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுத்து விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"எளுதுனவரு நம்ம மெஷினப் பாத்திருக்காராப்பா?"

"இல்லக்கா."

"பாக்காமயா இம்புட்டும்?" என்றவர் சென்சார் முக்கிய டீயை வெளியே கொட்டிவிட்டு வந்தார். "மகராசனா இருக்கட்டும்" என்றார் பிறகு.

சில நாள் கழித்து ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. என்னவோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. அவ்வளவு இரைச்சல். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, போனை அந்தப் பெட்டிக்குள்ளேயே நீட்டிவிட்டார் போல. கீச்சுகீச்சென்று நூற்றுக்கணக்கில் குஞ்சுகளின் சத்தம். கூட்டாளி என் காதோடு காது வைத்துக் கேட்டான். கேட்டு முடித்ததும் போனை இன்னொருவர் காதிலும் வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் நம்பர் எங்கள் இருவருக்குமே தெரியாது.