சின்னக்கருப்பனின் எண்ணெய் டின்

சின்னக்கருப்பனைப் போல ஒரு சிடுமூஞ்சியை நான் பார்த்ததில்லை. கரிமூட்டம் போடுகிறவன், புகையில் கிடந்து கிடந்து கண் எந்நேரமும் சிவந்திருக்கும். "நல்லாருக்கியாப்பா" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், "நல்லா இல்லாட்டி நீ வந்து பாக்கப் போறியா?" என்பான். தனுஷ்கோடி ஓட்டத்தன்று மட்டும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, யாரையும் திட்டாமல் இருப்பான்.

தனுஷ்கோடி அவன் கூட்டாளி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார்கள். மார்பளவு போதாது என்று இவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண்பத்தேழில் சிலோனுக்குப் போன தனுஷ்கோடி பெட்டியில் வந்தான். அடுத்த வருசத்திலிருந்து, அவன் செத்த நாளில், சேதுக்கரையில் கடலைப் பார்த்துப் பந்தம் ஏற்றி, கீழக்கரை, ஏர்வாடி, சிக்கல் வழியாகக் கடலாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு, ஆள் மாற்றி ஆள் ஓடிக் கொண்டுவருவோம். பந்தத்துக்கு எண்ணெய் ஊற்றுவது சின்னக்கருப்பன். சைக்கிள் கேரியரில் டின்னைக் கட்டிக்கொண்டு கூடவே வருவான். வேறு எவனாவது டின்னைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவான்.

அந்த ஓட்டத்தில் ஓடி ஓடித்தான் தனுஷ்கோடியின் தம்பி சேதுராமனுக்குக் கால் வலுத்தது. பாழாய்ப்போன அந்தக் கால்தான் அவனையும் பட்டாளத்தில் சேர்த்துவிட்டது. காஷ்மீருக்கு அனுப்பினார்கள். அவர்களைப் பெற்ற பூமயில் அடுப்பு மூட்டாமல் கிடந்தாள். பிறகு சின்னக்கருப்பனைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏலே கருப்பா, அந்த வெளக்கு வழியில அணையாம வந்து சேருற வரைக்கும் எஞ் சின்னவனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் நெனச்சுக்கிட்டு நான் சோறு திங்கிறேன். நீ பாத்துக்க."

"அணையாது சின்னாத்தா," என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு உயிரைக் கொண்டுபோய் இவன் தலையில் கட்டினால் இவன் என்ன செய்வான்?

தொண்ணூற்று மூன்றில் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. விடியும்போது பந்தம் ஏற்றிப் புறப்பட்டோம். கீழக்கரைக்கு முன்னால், கடலாடியிலிருந்து வரும் பஸ் எதிரே வந்தது. வருசாவருசம் ஹாரன் அடித்துக் காதைப் பிளக்கும் பஸ், அன்றைக்குச் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போனது. ஜன்னலில் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னலே, டிரைவருக்கு வயித்தால போகுதா?" என்றேன்.

கீழக்கரையில் ஹமீது சுல்தான் தன் கடை வாசலில் சர்பத் கொடுப்பார். "சட்டுனு குடிச்சிட்டு நடையக் கட்டுங்க மாப்ளே, யாவாரம் கெடுது" என்று விரட்டுவார். அன்றைக்குச் சர்பத் இருந்தது, விரட்டல் இல்லை.

"பதறாமப் போங்க மாப்ளே. சித்த உக்காந்துட்டுக்கூடப் போகலாம்."

"என்ன விசயம் பாய்?" என்றான் சின்னக்கருப்பன்.

"காத்து சரியில்ல," என்று சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

அதன்பிறகு சின்னக்கருப்பன் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே பந்தத்தை ஒட்டி ஓடிவந்தான். ஏர்வாடி தாண்டிய பொட்டலில் காற்று வளைத்து அடித்ததில், தீ சுருங்கி ஒரு நீலப் பொட்டாக நின்றது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தீயைப் பொத்தினான். தோல் கருகும் வாடை எனக்கே அடித்தது. தீ எழும்பி வருகிற வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.

சிக்கலில் எப்போதும் வேட்டுப் போடுவார்கள். அன்றைக்குக் கடையெல்லாம் சாத்தியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் பேசாமல் நின்றார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னன்னு கேட்டுருவமா?" என்றேன்.

"வாயப் பொத்திக்கிட்டு ஓடு. வெளக்கு எரியுதுல்ல?" என்றான் சின்னக்கருப்பன்.

ஊர் எல்லையில் வழக்கமாக அடிக்கும் கொட்டு இல்லை. பூமயில் வீட்டு முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. நாங்கள் சேதுக்கரையில் பந்தம் ஏற்றிய நேரத்தில் ஊருக்குத் தந்தி வந்திருக்கிறது. சேதுராமன் போய்விட்டான். முதல் பஸ் அந்தச் செய்தியை நாங்கள் வரும் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது. கையில் நெருப்போடு வருகிறவர்களிடம் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

கூட்டம் விலகி வழிவிட்டது. பூமயில் மூத்தவன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சின்னக்கருப்பன் பந்தத்தை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"அணையல சின்னாத்தா," என்றான். "ஒரு தடவகூட அணையல."

அவள் அவனுடைய கொப்புளம் போட்டிருந்த கைகளைப் பார்த்தாள்.

"தெரியும்யா."

பந்தத்தை வாங்கி, எப்போதும்போல் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை ஏற்றினாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு அகல் கொண்டாங்கடி."

கொண்டுவந்தார்கள். முதல் விளக்குக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள்.

"கருப்பா, எண்ணெய் ஊத்துயா."

வெந்த கையால் அவன் டின்னைச் சாய்த்தான். டின்னில் எண்ணெய் நிறைய மிச்சம் இருந்தது.