ஒரு முழ அகலப் பலகை

கடைக்கார அக்கா இருந்தார். அவர் கணவர் இருந்தார். ஏணிமேல், பெயர்ப்பலகை எழுத வந்த நான் இருந்தேன். கேரளத்தில் கல்லாறு என்ற ஊரில் அவர்கள் போட்ட புதுச் சாயாக்கடை அது. பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகும் வேன்கள் நின்றால்தான் பிழைப்பு. பலகைக்குக் கிடைத்த இடமோ ஒரு முழ அகலம்.

மலையாள எழுத்து உருண்டு, அகலம் கேட்கும். நான் ஒடுக்கி, உயரமாக இழுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் சாய்த்து ஆடவிட்டேன்.

"இது எழுத்தா, புடலங்காயா? வண்டியில போறவன் எப்படி அண்ணாச்சி வாசிப்பான்?" என்றார் கணவர்.

"வாசிப்பான்," என்றேன். பிரஷைக் கழுவினேன்.

"நீங்க சும்மா இரிங்க கேட்டோ," என்று அவரை அடக்கிவிட்டு அக்கா பாலை அடுப்பில் வைத்தார்.

ஒரு வேன் எங்களைத் தாண்டிப் போனது. நின்றது. ரிவர்ஸில் பின்னோக்கி வந்தது. டிரைவர் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பதினாலு சாயா."