பல்லி இருந்தது

எங்கள் கவிதை வட்டத்தின் வரலாற்றில் ஆகப் பெரிய தீர்மானம், பாச்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசையில் நிறைவேறியது. வந்திருந்த ஏழு பேரில் ஆறு பேர் ஆதரித்தனர். ஏழாமவர் தே தாரிக் தேநீருக்குச் சொல்லப் போயிருந்தார். வட்டத்தின் வாட்சாப் குழுவில் இனி கவிதையும் கவிதை பற்றிய கருத்தும் மட்டுமே இடம்பெறும். காலை வணக்கம், பூப்படம், பிறந்தநாள் வாழ்த்து, நலம் விசாரிப்பு, இரங்கல் ஆகியவை நீக்கப்படும். முன்மொழிந்தவர் கவிஞர் அ. தணிகைநாதன். வழிமொழிந்து குறிப்பேட்டில் கையெழுத்திட்டவன் செயலாளராகிய நான்.

போன வாரம் ஒரு காலையில் முனியாண்டி அண்ணன் என்னை அழைத்தார். டயர் கடை வைத்திருப்பவர், வட்டத்தின் பொருளாளர். எதையும் குழுவில் எழுதுவாரே தவிர யாரையும் அழைக்க மாட்டார். திரையில் அவர் பெயரைக் கண்டதும் எடுக்கத் தயங்கினேன்.

“தணிகை அண்ணன் போய்ட்டாருலா,” என்றார். அடுத்து, “குரூப்புல போடலாமா? அதக் கேக்கத்தான் கூப்டேன்,” என்றார்.

தணிகைநாதன் அவர்கள் செலண்டார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். லாரி தட்டில் ஏறும், முள் நிற்கும், எழுதுவார், லாரி இறங்கும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையே கிடைத்த நேரத்துக்கு ஹைக்கூ சரியாக இருந்தது என்பார். இரண்டு ஹைக்கூ தொகுப்புகளும், மலாய்க் கவிதைகளின் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றும், எழுதியவர்கள் மறக்க விரும்பும் பல மதிப்புரைகளும் அவர் விட்டுச் சென்றவை.

மொழிபெயர்ப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பார்க்காததை மொழிபெயர்க்க மாட்டார். ஒரு மலாய்க் கவிதையில் கடற்கரைக் காற்று வந்துவிட்டது. என் காரிலேயே சுங்கை ரம்பாய்வரை போய், அங்கிருந்து கரையோரமாகத் தேடி, படகுகள் கட்டிக் கிடந்த ஓரிடத்தில் இறங்கி நின்றோம். “இந்தக் காத்துக்குத் தமிழ்ல என்னன்னு இங்க நின்னாத்தான் தெரியும் தம்பி,” என்றார். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். நூலில் அது ‘காற்று’ என்றே வந்திருக்கிறது.

நம் ஊர் நூல் வெளியீடுகளில் மதிப்புரையாளருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவார்கள், அதன்பின் பேசவிடுவார்கள். தணிகைநாதன் அந்த வரிசையை ஒப்புக்கொள்ளவில்லை. “பேசி முடிச்சதும் மனசு இருந்தா போர்த்துங்க,” என்பார். பல துண்டுகள் பெட்டிக்கே திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

முனியாண்டி அண்ணனின் தொகுப்பில் பனி விழும் கவிதைகள் பதினாறு இருந்தன. மேடையிலேயே தணிகைநாதன் அவரைக் கேட்டார்:

“அண்ணே, நீங்க பனி பாத்திருக்கீங்களா?”

“ஃப்ரிட்ஜுல பாத்திருக்கேன்.”

“அப்ப ஃப்ரிட்ஜப் பத்தி எழுதுங்க. அதுல பொய் இருக்காது. நான் எழுதறதுல எதுவும் எதுக்கும் உவமை இல்ல. இருந்துச்சு, எழுதுனேன். அவ்வளவுதான்.”

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கடைசி வாசகத்தை நாங்கள் யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

தீர்மானத்துக்குப் பிறகு குழு சுத்தமானது. “ஒடம்பு எப்படி, சாப்டாச்சா, இதெல்லாம் தனியா கேட்டுக்கலாமே,” என்று அவரே சொல்லியிருந்தார். தனியாக யாரும் யாரையும் கேட்கவில்லை. கருத்துகளின் தரம் மட்டும் உயர்ந்தது. சென்ற மாதம் அவர் ஒரு கவிதை இட்டார்.

*மாடிப்படி
ஏழாவதில் நிற்கிறேன்
நேற்று ஒன்பது*

எண்களை வைத்துக் காலத்தைச் சொல்லிவிட்டார் என்று பாராட்டினோம். முதுமையின் குறியீடு என்றார் ஒருவர். முதுமை பழைய கருப்பொருள் என்றார் இன்னொருவர். நான்கு நாள் கழித்து அடுத்தது வந்தது.

*காலிப் பை
இடக்கைக்கு மாற்ற
முடியவில்லை*

வெறுமையின் கனம், சிறப்பு என்று எழுதினேன். என் கருத்துக்கு எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மூன்றாவது, அவர் மறைவதற்கு முந்தின நாள் வந்தது.

*ஐந்தாம் படி
வியர்வை காயும்வரை
பல்லி பார்க்கிறது*

பல்லி இக்கவிதைக்குத் தேவைதானா என்று கேட்டேன். அவரிடம் கற்ற கண்டிப்பை அவரிடமே காட்டுவதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. இரண்டே சொற்களில் பதில் வந்தது: “பல்லி இருந்தது.”

அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

முனியாண்டி அண்ணன் அழைத்த அன்று போனபோது, வீட்டுக்கூடத்தில் அவரைக் கிடத்தி, சுற்றிலும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் மனைவி சரோஜா அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை.

“மூணாவது படியில உக்காந்திருந்தாரு தம்பி. யோசிக்கிறாருன்னு நெனச்சு நான் அடுப்படிக்குப் போய்ட்டேன். எங்கிட்ட வலின்னு ஒரு வார்த்த சொல்லல. உங்க குரூப்புலதான் எழுதிக்கிட்டே இருந்தாரு. நீங்கல்லாம் படிச்சிருப்பீங்களே?”

“படிச்சோம் அக்கா,” என்றேன்.

மேலே அவர் அறையில் மூக்குக்கண்ணாடி இருப்பதாகவும், அதை அவருக்குப் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் படிகளை எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். பதின்மூன்று. ஐந்தாவதில் நின்று சுவரைப் பார்த்தேன். குழல்விளக்கின் பின்னால் பல்லி இருந்தது.

மேசையில் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே அவருடைய நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. கடைசிக் கவிதையின் முதல் வடிவம் அதில் இருந்தது. மூன்றாவது வரியாக ‘நெஞ்சு வலிக்கிறது’ என்று எழுதி, அடித்திருந்தார். ஓரத்தில், மதிப்புரைகளுக்கு அவர் வைத்திருந்த சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு: ‘இது தகவல். கவிதை இல்லை.’

கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து சரோஜா அக்காவிடம் கொடுத்தேன். அவரே போட்டுவிட்டார். தணிகை அண்ணன் எதையோ படித்துவிட்டுக் கருத்துச் சொல்லப்போகிறவர் போலவே இருந்தார். முனியாண்டி அண்ணன் ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார். இம்முறை அவரால் மறுக்க முடியவில்லை. போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் பார்த்ததை மட்டுமே எழுதினீர்கள்.

தீர்மானம் நடப்பில் இருப்பதால், அவருடைய மறைவுச் செய்தி குழுவில் இடப்படவில்லை. மூன்றாவது கவிதைக்கு இதுவரை பதினொரு கருத்துகள் வந்துள்ளன.