பரஞ்சோதி நோ-பால் சொன்ன ஞாயிறு

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரஞ்சோதிக்கு இருபத்தாறு வருஷமாகச் சோதனைப் பிரிவில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிடுவார். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தப் பெட்டியையே ஒதுக்கிவிடுவார். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் ஒதுக்கியது ஒதுக்கியதுதான். அப்படிப்பட்ட மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பி போட்டுக் கிரிக்கெட் அம்பயராக நின்ற இடத்தில் மட்டும் இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வட்டார லீக்கில் ஒரு காலத்தில் பதினான்கு குழுக்கள் ஆடின. தோல் பந்து, நாற்பது ஓவர். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் சாயங்காலம் மழை வந்து நிறுத்தும் வரை போகும். இப்போது யாருக்கு அவ்வளவு நேரம்? ஐந்து பேர் ஆடும் ஃபுட்சால் கால்பந்து என்றால் ஒரு மணி நேரத்தில் ஆடி, குளித்து, சாப்பிடப் போய்விடலாம். கிரிக்கெட்தான் வேண்டும் என்பவர்களும் டென்னிஸ் பந்தில் ஆறு ஓவர் ஆடினால் போதும் என்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே லீக்கில் மிஞ்சியவை நான்கே குழுக்கள். அதில் சிடாம் கிரி குழு ஒரே ஒரு ஆளால் நின்றது. அவன் லோகேஸ்வரன்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன் அவன். வயது முப்பத்து நான்கு. சனிக்கிழமை காலையிலிருந்தே பதினோரு பேருக்கும் போன் போட்டு, வரமாட்டேன் என்பவன் வீட்டு வாசலில் போய் நின்று, அவன் மனைவியிடம் திட்டு வாங்கி, எப்படியாவது ஆளைச் சேர்த்துவிடுவான். மிதமான வேகத்தில்தான் பந்து போடுவான். ஆனால் ஓவருக்கு ஒன்று, எதிர்பாராத வேகத்தில் வந்து விழும். அந்த ஒரு பந்துக்காகவே அவனைக் கண்டு மற்ற குழுக்கள் பயந்தன.

அந்தப் பந்தில்தான் சிக்கல். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது என்பது விதி. நிமிர்ந்தால் அது எறிவது, வீசுவதல்ல. பெரிய ஆட்டங்களில் கேமரா வைத்து அளந்து, பதினைந்து பாகை வரை விட்டுக்கொடுக்கிறார்கள். இந்த லீக் நடக்கும் பீடோங் ஊர்த் திடலில் ஏது கேமரா? மட்டைக்காரனுக்குப் பக்கவாட்டில், ஸ்குவேர் லெக்கில் நிற்கும் அம்பயரின் கண்தான் எல்லாம்.

அந்தப் பந்தில் லோகேஸ்வரனின் முழங்கை நிமிர்வதைப் பரஞ்சோதியின் கண் முதல் ஆட்டத்திலேயே பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே கூட்டாளி அம்பயர் ஷம்சுதீனிடம் சொன்னார். பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டார்.

"எனக்கும் கண்ணு இருக்கு ஜோதி. நீ நோ-பால் சொன்னா அவன் டீமையே கூட்டிக்கிட்டுப் போயிருவான். மூணு டீமை வச்சு என்ன லீக் நடத்தறது? விடு லா."

பரஞ்சோதி விட்டார். தான் நிற்கும் கோணம் சரியில்லையோ, வெற்றுக் கண்ணுக்குப் பதினைந்து பாகை எப்படித் தெரியும் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. "ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்று மனைவி பிரேமாவதி கேட்டால் வெயில் என்பார்.

இந்த மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, சிடாம் கிரிக்கும் பீடோங்குக்கும் ஆட்டம். பீடோங்கில் மட்டை பிடித்தவன் தேவன், டயர் கடையில் வேலை செய்பவன். அவன் தலையில் இருந்தது குழுவின் பழைய ஹெல்மெட். முகத்துக்கு முன்னால் கம்பி கிடையாது. லோகேஸ்வரனின் வேகப் பந்து எழும்பி நேராகத் தாடையில் அடித்தது. மட்டை விழுந்த சத்தம் எல்லைக் கோடு வரை கேட்டது.

முதலில் ஓடியவன் லோகேஸ்வரன்தான். தேவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். தேவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அரை மணி கழித்து இரண்டு குழுவும் பேசி ஆட்டத்தைத் தொடர்ந்தன.

பரஞ்சோதி பழையபடி ஸ்குவேர் லெக்கில் போய் நின்றார். தேவனை அடித்த பந்தில் அந்த முழங்கை கதவு திறப்பதுபோல் திறந்ததை அவர் பார்த்திருந்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை. லோகேஸ்வரனின் அடுத்த ஓவரில் நான்காவது பந்து அதே வேகத்தில் வந்தது.

"நோ-பால்!"

பந்து போடுபவனின் கால் தாண்டிவிட்டதோ என்று எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். லோகேஸ்வரனும் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"காலு உள்ளதானே அண்ணே இருக்கு?"

"காலு இல்ல தம்பி. கை."

பரஞ்சோதி விதிப்படி எச்சரித்தார். இன்னொரு தடவை எறிந்தால் இந்த இன்னிங்ஸில் அவன் பந்து போட முடியாது. லோகேஸ்வரன் திரும்பி நடந்தான். அடுத்த பந்தையும் வேண்டுமென்றே அதே வேகத்தில் போட்டான். போட்டுவிட்டு மட்டைக்காரனைப் பார்க்கவில்லை, பரஞ்சோதியைப் பார்த்தான். அவர் மறுபடியும் நோ-பால் என்று கையை நீட்டினார்.

லோகேஸ்வரன் நேராக அவரிடம் வந்தான். கத்தவில்லை.

"ரெண்டு வருஷமா இதே இடத்துல நின்னு பார்த்தீங்களே அண்ணே. அப்பல்லாம் எறியலையா?"

பரஞ்சோதி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க லா. எறிஞ்சேனா இல்லையா?"

"எறிஞ்ச."

"அப்ப ஏன் சொல்லல? நீங்க சொல்லலன்னுதான் சரின்னு நினைச்சேன். அன்னிக்கே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன். இப்ப தேவன் வாய உடைச்சவன்னு ஊரே என்னைச் சொல்லும்."

ஐந்து நிமிஷத்தில் சிடாம் கிரி ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிவிட்டார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் பரஞ்சோதி ஆஸ்பத்திரிக்குப் போனார். தேவனுக்குத் தாடை எலும்பு முறிந்து கம்பி கட்டியிருந்தது. இரண்டு பல் போய்விட்டது. அவன் மனைவி காஞ்சனா உறிஞ்சுகுழாய் வைத்து மைலோ பானம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது தப்பான பந்துன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

வழியெல்லாம் வேறு பதில் யோசித்து வைத்திருந்தார். அது வரவில்லை. "தெரியும்மா" என்றார்.

அவள் குழாயை எடுத்துத் தேவன் வாயைத் துடைத்தாள். "வீட்டுக்குப் போங்கண்ணே" என்றாள்.

அந்த வாரமே பரஞ்சோதி லீக் செயலாளர் சுகுமாரனுக்கு அறிக்கை எழுதினார். லோகேஸ்வரனைப் பற்றி நான்கு வரி. தான் தெரிந்தே பேசாமல் இருந்ததைப் பற்றி ஒரு பக்கம். ஷம்சுதீன் பெயரை எழுதவில்லை. சுகுமாரன் போனில் சலித்துக்கொண்டார். "இதை வச்சு நான் என்ன செய்யட்டும் அண்ணே? சிடாம் கிரி பேரை எடுத்துட்டாங்க. மத்த டீமுக்கும் ஆள் இல்லையாம். லீக் அவ்வளவுதான்."

ஷம்சுதீன் கடைக்குப் போனால் தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. போவதை நிறுத்திக்கொண்டார்.

மே மாதம் ஒருநாள் சிடாம் கிரிக்கே போய் லோகேஸ்வரன் வீட்டு வாசலில் நின்றார். அவன் உள்ளே கூப்பிடவில்லை.

"உன் மத்த பந்தெல்லாம் சுத்தம் தம்பி. அந்த ஒண்ணுதான். போன்ல மெதுவா ஓடற மாதிரி எடுத்துப் பாரு. என் கண்ணை நம்ப வேணாம்."

"இப்ப எதுக்குண்ணே? எங்க போய்ப் போடப் போறேன்?"

கதவு சாத்திக்கொண்டது. பத்து நாள் கழித்து அவரது போனுக்கு ஒரு வீடியோ வந்தது. லாரிகள் நிறுத்தும் இடத்தில் லோகேஸ்வரன் பந்து போடுவதை அவன் மனைவி நளினி பிடித்தது. ஐந்து பந்தில் முழங்கை அசையவில்லை. ஆறாவது வேகப் பந்து; அதில் முழங்கை மடங்கி, மேலே வந்து, பளிச்சென்று நிமிர்ந்தது. கீழே ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: "பார்த்தேன்."

ஆகஸ்டில் அதே திடலில் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்தது. இருபத்திரண்டு குழுக்கள், ஒலிபெருக்கியில் பாட்டு, முந்நூறு பேருக்கு மேல் கூட்டம். அம்பயராக நிற்கக் கூப்பிட்டதற்குப் பரஞ்சோதி முடியாது என்றுவிட்டார். ஆனால் பார்க்கப் போனார். ஸ்குவேர் லெக்கில் ஆளே இல்லை. இரண்டு மூன்று பேர் வெளிப்படையாக எறிந்தார்கள். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

லோகேஸ்வரன் வேறொரு குழுவுக்கு ஆடினான். மெதுவான பந்துகள் மட்டும் போட்டான். அவனது இரண்டு ஓவரில் எதிர்க் குழு ஐந்து சிக்ஸர் அடித்தது. "வேகமா போடுடா!" என்று சொந்தக் குழுவே கத்தியது. அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்து வேர்வையோடு அவரிடம் வந்தான்.

"கை நிமிர்ந்துச்சா?"

"இல்ல."

"அடி பின்னிட்டாங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

இரண்டு பேரும் அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க மேல கோவம் போகலண்ணே" என்றான் லோகேஸ்வரன்.

"போக வேணாம்."

அவன் தலையசைத்துவிட்டுத் தன் குழு உட்கார்ந்திருந்த கூடாரத்துக்குப் போனான். அங்கே யாரோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பரஞ்சோதி வேலியோரமாகவே நின்று, எறிகிறவனையும் வீசுகிறவனையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.