கை நனைக்காத விருந்து

எனக்கு வாய் நீளம். செந்துறைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் உரக்கடைக்குச் சண்டை பிடிக்க வருகிறவன்கூட நான் கல்லாவில் இல்லாத நேரமாகப் பார்த்து, என் வீட்டுக்காரரிடம்தான் வருவான். அப்பேர்ப்பட்ட நான், சென்னையில் ஒரு தாய்லாந்து ஓட்டலில் ஏசிக் குளிரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பேசவும் திறக்கவில்லை, தின்னவும் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று போன வருஷம் சொன்னாள். அரும்பாவூர்ப் பையன். நல்ல படிப்பு, முகத்தைப் பார்த்துப் பேசுகிற பிள்ளை. அப்பா சென்ட்ரிங் காண்ட்ராக்ட் எடுக்கிறார், மாடி வீடு கட்டியிருக்கிறார். அம்மா அங்கன்வாடி டீச்சர். ஆனால் அவர்கள் காலனிக்காரர்கள். தாத்தா காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் ஊரில் இந்தக் கடைசி இரண்டு வாக்கியம் மட்டும்தான் காதில் ஏறும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் நான் "பாப்போம்டி" என்பேன். அந்த ஒரு வார்த்தையிலேயே வருஷம் ஓடிவிட்டது.

கடைசியில் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். "நம்ம வூடும் வேணாம், அவங்க வூடும் வேணாம். ரெண்டு பக்கமும் இங்க வாங்க. நாங்க எப்பவும் போற தாய் ரெஸ்டாரண்ட் இருக்கு. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுப் பேசுங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளை பார்க்கப் போனாலும், பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் சோறு தின்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கை நனைக்கக் கூடாது என்போம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். அதனால்தான் யார் வீடும் இல்லாத இடமாகப் பிடித்திருந்தாள். விவரமான பெண். பெற்றவர்களைப் பற்றித்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப்புல் வாசனை மூக்கில் ஏறியது. அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து, எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். பையனின் அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "வாங்கக்கா, வாங்கண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். பையன், "ஆன்ட்டி, காரம் சாப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டுக் கேட்டு ஆர்டர் சொன்னான். இன்றைக்கு விருந்து தன்னுடையது என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் என் வீட்டுக்காரரின் முகம் மாறியது. என் காதோரம், "விருந்து அவன் வெக்கிறான்னா அவங்க சோறுதானடி அது? ஓட்டல்ல போட்டா மட்டும் இல்லன்னு ஆயிடுமா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தட்டுகள் வந்தன. தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் குழம்பு, புளிப்பும் உறைப்புமாக ஒரு சூப், அதில் சளிக்கு நாம் இடித்துக் கொடுக்கிற சித்தரத்தை மாதிரித் துண்டுகள். பப்பாளிக்காயைச் சீவி வேர்க்கடலை தூவி ஒரு சாலட். மல்லிகைப்பூ போல வெள்ளை வெளேரென்று சோறு. விடிகாலையில் பஸ் ஏறியது, வழியில் ஒரு டீதான். வயிறு கபகபவென்று எரிந்தது.

பையனின் அப்பா எழுந்தார். பரிமாறுகிற ஆள் பக்கத்திலேயே நின்றான், ஆனாலும் அவரே கரண்டியை வாங்கி, "மொதல்ல அண்ணனுக்கு" என்று சோற்றை அள்ளினார். என் வீட்டுக்காரர் உள்ளங்கையை விரித்துத் தட்டின் மேல் வைத்து மூடினார்.

"பேசி முடிக்காம கை நனைக்கிறது எங்க பக்கம் வழக்கம் இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கரண்டி அப்படியே நின்றது. மகள், "அப்பா!" என்றாள். அந்த அம்மா அவசரமாக என்னைப் பார்த்து, "சோறு வேணாம்னா வுடுங்க. மாம்பழம் வெச்சு ஒரு இனிப்பு இருக்காம். அதாச்சும் ஒரு வாய்... இல்ல, இந்தச் சூப்பு?" என்றார். என் புருஷன் பக்கம் திரும்பாமல், என்னைத்தான் கேட்டார். பொம்பளைக்குப் பொம்பளை இறங்கி வருவாள் என்று நினைத்திருப்பார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "இருக்கட்டும்ங்க" என்றேன்.

பையனின் அப்பா சோற்றைப் பாத்திரத்திலேயே திருப்பிக் கொட்டினார். உட்கார்ந்தார். "வழக்கம் தெரியும்ங்க" என்றார். "எங்க வூட்ல கை நனைக்காதவங்கள நான் சின்னதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

அப்புறம் அவரும் சாப்பிடவில்லை, அந்த அம்மாவும் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவன் வந்து, "டேஸ்ட் புடிக்கலைங்களா, வேற மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டான். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. என் மகள் ஒரு முடிவோடு கரண்டியை எடுத்துத் தனக்கும் பையனுக்கும் போட்டாள். தலையை நிமிர்த்தாமல் தின்றாள். கண்ணிலிருந்து நீர் ஓடியது. "காரம்" என்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "நான் என்ன இல்லாததயா சொன்னேன்? நம்ம பெரியவனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் நாம கை நனைக்கலையே."

"நனைக்கல, சரி. பஜ்ஜி தின்னீங்களே? சட்னி நல்லாருக்குன்னு இன்னொரு தட்டு வாங்கித் தின்னீங்களே?"

"பஜ்ஜி எங்கடி கணக்குல வரும்?"

"அதத்தாங்க நானும் சொல்றேன். பஜ்ஜி, கேசரி, காபி எதுவும் கணக்குல வராது. சோறுதான் ஆவாது. இங்க சூப்பு இருந்துச்சு. மாம்பழம் இருந்துச்சு. ஏன் திங்கல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் கேட்டுவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. பெண் பார்த்த வீட்டில் அந்தக் கேசரியை நானும்தான் வழித்துத் தின்றேன். இங்கே என் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு எந்த ஊரில் வழக்கம் இருக்கிறது? தொண்டை வறண்டு போயும் நான் அதைத் தொடவில்லை. வழக்கம், வழக்கம் என்று போர்த்திக்கொண்டு போனோம், உள்ளே இருந்தது வேறு. அது பையனின் அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு விழுப்புரம் தாண்டுகிறவரை தெரியவில்லை. சீ என்று இருந்தது.

அதற்கப்புறம் மகள் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை தானாகக் கூப்பிட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தால் குரலில் உயிரே இல்லை.

"அவங்கப்பா வேணாம்னுட்டாரும்மா."

"என்னடி சொல்ற?"

"சோறு திங்காதவங்க வூட்ல பொண்ணு எடுத்தா, நாளைக்கு உன் புள்ளைக்கு அம்மாயி வூடுன்னு ஒண்ணு இருக்காதுடா, அந்தக் கொறையோட அது வளர வேணாம்னு சொல்லிட்டாரு. இவருக்கு அவங்கப்பா பேச்ச மீற மனசு வரல. நான் யாரைம்மா திட்டுறது?"

அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். நான்தான். இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை பசியோடு வந்தால் இவள் சோறு போடமாட்டாள் என்று ஒரு மனுஷன் என்னை எடைபோட்டு வைத்திருக்கிறார். தப்பாக எடைபோட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. "கெளம்புங்க, அரும்பாவூர் போறோம்" என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி போறது?" என்றார். "இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான்" என்றேன். வேறு பேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்கும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறினோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் வடை வாங்கப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அந்த அம்மா கதவைத் திறந்து, அப்படியே நின்றார். பிறகு நாற்காலி போட்டார், ஃபேன் போட்டார். பையனின் அப்பா உள்ளேயிருந்து வந்து, "வாங்க" என்றார். அண்ணே, அக்கா எல்லாம் போய்விட்டிருந்தது. வீடு முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசனை.

வியர்த்து ஊற்றியது. அந்த அம்மா சமையல்கட்டு வாசல்வரை போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பினார். புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தண்ணி கொண்டாரலாமாங்க? குடிப்பீங்களா, வேணாமான்னு தெரியல."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒரு பெண்ணைச் சொந்த வீட்டில் நின்று கேட்கவைத்துவிட்டோமே! எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது.

"குடுங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எங்கள் வீட்டிலேயே அண்ணாந்துதான் குடிக்க வரும். அன்றைக்கு டம்ளரை வாயில் வைத்துக் குடித்தார். பழக்கமில்லாமல் புரையேறியது.

நான் எழுந்தேன். வழியெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். மன்னிப்பு, காலம் மாறிப்போச்சு, புள்ளைங்க சந்தோஷம் என்று என்னென்னவோ. ஒன்றும் வரவில்லை. "பசிக்குதுங்க" என்றேன். "சோறு இருக்கா?"

 அடுத்தவர் வீட்டில் நான் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. பையனின் அப்பா என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எங்களுக்கு மட்டுந்தான் ஆக்கியிருக்கு. இனிமே ஒலை வெக்கணும். நேரமாவும். இருப்பீங்களா?"

"இருக்கோம்ங்க."

அரிசி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நால்வரும் உட்கார்ந்திருந்தோம். தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் தரையில் பாய் விரித்து, அந்த அம்மா சோறு போட்டார். கையால் பிசைந்து தின்றோம். என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல். அதைச் சொல்லுகிற வாய் எனக்கு அன்றைக்கு இல்லை.

மோர் வந்ததும் என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு நிமிர்ந்து, "புள்ளைங்களுக்கு ஒரு நல்ல நாள் பாக்கலாமாங்க?" என்றார்.

பையனின் அப்பா என் தட்டைப் பார்த்தார். எனக்கு இன்னும் ஒரு கை சோறு வைக்கச் சொல்லி மனைவிக்கு ஜாடை காட்டினார். பிறகு, "மொதல்ல நல்லா சாப்பிடுங்க" என்றார். "மத்தத பாப்போம்ங்க."

அந்த வார்த்தையை எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் மகளுக்கு நான் சொல்லி வந்த வார்த்தை. தலையைக் குனிந்து, மோரை ஊற்றிப் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.